சுவிட்சை அணைத்த பிறகு மிச்சமிருக்கும் வோல்ட்

பினாங்கு, பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு சோதனை மேசை இருந்தது. மின்சுற்றுப் போர்டை அதில் வைத்து மூடியை அழுத்தினால் மின்சாரம் பாயும். போர்டு தன் எஸ்டி கார்டிலிருந்து லினக்ஸை ஏற்றிக்கொண்டு எழும். பிறகு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மின்சாரத்தைத் துண்டிக்கும், அரை வினாடி கழித்து மறுபடி கொடுக்கும். இரண்டாம் முறையும் எழுந்தால் 'பாஸ்'. நூறில் மூன்று நான்கு போர்டுகள் இரண்டாம் முறை எழவே எழாது. அவற்றை என் மேசைக்குக் கொண்டுவந்து கையால் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தால் பத்துக்குப் பத்து எழும். "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். மறுநாள் அதே போர்டு திரும்பி வரும்.

கார்டைச் சந்தேகப்பட்டோம், சாப்ட்வேரைச் சந்தேகப்பட்டோம், ஒரு கட்டத்தில் மேசையில் நின்ற பிள்ளைகளையே சந்தேகப்பட்டோம். உண்மையான வித்தியாசம் என் கையில் இருந்தது. நான் சுவிட்சை அணைப்பேன், படிவத்தில் ஒரு வரி எழுதுவேன், பிறகுதான் மறுபடி போடுவேன். அதற்குள் பத்து வினாடி போய்விடும். ரிலே கொடுத்ததோ அரை வினாடி. அந்த அரை வினாடியில் 3.3 வோல்ட் லைன் எங்கே வந்து நிற்கிறது என்று, மின்னழுத்தம் ஏறி இறங்குவதை வரைந்துகாட்டும் ஆஸில்லோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வோல்ட்டுக்கு மேலேயே படுத்துக்கிடந்தது.

தமிழில் 'அணை' என்றால் விளக்கை அணைப்பது ஒரு பொருள், ஆற்றுக்குக் குறுக்கே கட்டுவது இன்னொரு பொருள். விளக்கை ஊதி அணைத்தால் அந்தக் கணமே இருட்டு. ஆற்றுக்கு அணை போட்டால் வரத்துதான் நிற்கும். கீழே குட்டையில் தேங்கிய நீர், வெயிலும் மண்ணும் குடித்துத் தீர்க்கும்வரை அப்படியே கிடக்கும். பவர் சப்ளையை அணைப்பது இந்த இரண்டாம் வகை. இங்கே வீட்டில் நாம் 'லைட்ட அடை' என்கிறோம். யோசித்தால் அதுவே பொருத்தமான சொல். குழாயைத்தான் அடைக்கிறோம், தொட்டியைக் காலி செய்யவில்லை.

தொட்டி எது என்று பார்ப்போம். 12 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டரில் இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்சுகள், ஒரு சுருள், வெளியீட்டில் சில மின்தேக்கிகள் இருக்கும். (பட்டறையில் யாரும் மின்தேக்கி என்று சொல்வதில்லை. கெப்பாசிட்டர், அவசரத்தில் வெறும் 'கெப்'.) அணைக்கச் சொன்னதும் பெரும்பாலான கன்வெர்ட்டர்கள் இரண்டு மாஸ்ஃபெட்டையும் மூடிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சுருளில் இருந்த ஆற்றல் சில மைக்ரோ வினாடிகளில் தீர்ந்துவிடும். மின்தேக்கியில் உள்ளதற்கு ஒரே வழி, எதிரே இணைத்திருக்கும் சுமை. சுமை அதிகமானால் சீக்கிரம் வடியும், குறைவானால் மெல்ல வடியும். மின்தேக்கத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது நேர மாறிலி. ஒரு மாறிலி நேரத்தில் 63 விழுக்காடு வடிந்து 37 விழுக்காடு மிஞ்சும். ஐந்து மாறிலி கடந்தால் 1 விழுக்காட்டுக்கும் கீழே.

கணக்கு இவ்வளவுதான் என்றால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுமை கடைசிவரை ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதில்தான் சிக்கல். போர்டின் ஓரத்தில் இருக்கும் சிவப்பு எல்இடியைக் கவனியுங்கள். அணைத்ததும் மங்கிக்கொண்டே போய், 1.7 வோல்ட் அளவில் இருண்டுவிடும். பார்ப்பவர் 'செத்துப்போச்சு' என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் எல்இடி இருண்டது அதன் வழியே மின்னோட்டம் நின்றுபோனதால். அதாவது வடித்துக்கொண்டிருந்த ஒருவர் கடையைச் சாத்திவிட்டார். பிராசசரும் அப்படியே. மின்னழுத்தம் தன் வரம்புக்குக் கீழே போனதும் ரீசெட்டில் விழுந்துவிடும், அதன் பசி மில்லி ஆம்பியர்களிலிருந்து மைக்ரோ ஆம்பியர்களுக்கு இறங்கிவிடும். விருந்தாளிகள் எல்லாரும் பாதிப் பந்தியில் எழுந்து போய்விட்டார்கள், பாயசம் அண்டாவில் அப்படியே இருக்கிறது.

எங்கள் போர்டில் 3.3 வோல்ட் லைனில் மொத்தம் 470 மைக்ரோஃபாரட். எல்லாச் சில்லும் (சிப்பும்) தூங்கிய பிறகு மிச்சமிருந்த சுமை கிட்டத்தட்ட 10 கிலோ ஓம் மின்தடைக்குச் சமம். நேர மாறிலி 4.7 வினாடி. 1.7 வோல்ட்டிலிருந்து 0.5 வோல்ட்டுக்கு இறங்க மட்டும் ஏறத்தாழ 5.8 வினாடி வேண்டும்.

ஏன் 0.5 வோல்ட்? எஸ்டி கார்டுக்கான விதி அது. கார்டை அணைத்துப் போட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டுமானால் அதன் மின்னழுத்தம் 0.5 வோல்ட்டுக்குக் கீழே குறைந்தது 1 மில்லி வினாடியாவது இருக்க வேண்டும். வேகமான யுஎச்எஸ்-1 கார்டுகள் 3.3 வோல்ட் சமிக்ஞையில் பேசத் தொடங்கி, பிறகு 1.8 வோல்ட் சமிக்ஞைக்கு மாறிக்கொள்கின்றன. ஒருமுறை மாறிவிட்டால் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்காமல் பழைய நிலைக்குத் திரும்பாது. எங்கள் போர்டில் நடந்தது இதுதான். ரிலே துண்டித்ததும் பிராசசருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. எழுந்ததும் புதிதாய் 3.3 வோல்ட்டில் கார்டைக் கூப்பிட்டது. கார்டுக்கோ எதுவும் மறக்கவில்லை, இன்னும் 1.8 வோல்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. ஒருவர் கூப்பிட, மற்றவருக்குக் கேட்காது. எல்லாக் கார்டும் ஒரே இடத்தில் நினைவிழப்பதில்லை, பெரும்பாலான கார்டுகள் ஒன்றரை வோல்ட்டிலேயே விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் நூறில் மூன்று நான்கு மட்டும் மாட்டின.

முதலில் சுலபமான வழியைப் பிடித்தோம். ரிலேயின் இடைவெளியை எட்டு வினாடியாக்கினோம். கோளாறு போயிற்று, லைன் லீடர் அக்கா வந்து நின்றார். "தம்பி, ஒங்க போர்டு எட்டு வினாடி தூங்குனா, ஷிஃப்ட் முடியறப்ப என் அவுட்புட்ட யாரு கணக்குக் காட்றது?" நியாயமான கேள்வி. ஒரு வினாடியைக்கூட இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் இலவசமாக வாங்க முடியாது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கி, இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் உற்பத்தி ஆலையை இங்கே திறந்த காலத்திலிருந்தே இந்த ஊர் வினாடியை எண்ணித்தான் பிழைக்கிறது.

இரண்டாம் வழி, குட்டைக்கு ஒரு லோங்காங், அதாவது வடிகால், வெட்டுவது. வெளியீட்டிலிருந்து தரைக்கு 100 ஓம் மின்தடை ஒன்று, அதோடு தொடராக ஒரு சின்ன மாஸ்ஃபெட். கன்வெர்ட்டர் ஓடும்போது மாஸ்ஃபெட் மூடியிருக்கும், அணைக்கச் சொன்னதும் வழிவிடும். நேர மாறிலி 4.7 வினாடியிலிருந்து 47 மில்லி வினாடியாகிவிடும். 3.3 வோல்ட்டிலிருந்து 0.5 வோல்ட்டுக்கு 90 மில்லி வினாடி போதும். எட்டு வினாடியை மறுபடி அரை வினாடியாக்கினோம், இரண்டாம் முறை எழாத போர்டு அதற்குப் பிறகு வரவில்லை.

இந்த வடிகாலைத் தனியாகக் கட்டத் தேவையில்லாதபடி பல ரெகுலேட்டர் சில்லுகளும் லோடு சுவிட்சுகளும் உள்ளேயே வைத்துக்கொண்டு வருகின்றன. தரவுத்தாளில் 'வெளியீட்டு மின்னிறக்கம்' என்ற பொருளில் ஒரு வரியும், அதற்கு எதிரே சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை ஒரு மதிப்பும் இருக்கும். அந்த வரியை நாங்கள் வடிவமைப்பின்போது படிக்கவில்லை. மின்னழுத்தம் ஏறும் விதத்துக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தோம், இறங்கும் விதத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

வடிகால் வெட்டினால் தண்ணீர் எங்கோ போய் விழ வேண்டும். இங்கே அது வெப்பமாக விழுகிறது. 3.3 வோல்ட்டில் 100 ஓம் என்றால் தொடக்கக் கணத்தில் 0.11 வாட், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். யுஎஸ்பி-சி சார்ஜருக்கு வாருங்கள். மடிக்கணினிக்கு 20 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்த கேபிளைப் பிடுங்கி அடுத்த நொடியே கைப்பேசியில் செருகுகிறார் ஒருவர். 20 வோல்ட்டின் மிச்சம் 5 வோல்ட்டை எதிர்பார்த்திருக்கும் கைப்பேசிக்குள் போனால் என்னாகும்? அதனால் யுஎஸ்பி பவர் டெலிவரி தரநிலை கெடு வைத்திருக்கிறது. இணைப்புப் பிரிந்தால் 650 மில்லி வினாடிக்குள் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டுக்குள் வந்துவிட வேண்டும். 5 வோல்ட்டுக்கு இறங்கவேண்டிய சூழலானால் கெடு 275 மில்லி வினாடி. சார்ஜரின் வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட் இருப்பதாக வைத்துக்கொண்டால், 20ஐ 0.8 ஆக்க 650 மில்லி வினாடிக்கு 200 ஓம் மின்தடை வேண்டும். தொடக்கக் கணத்தில் அது 2 வாட்டைத் தாங்கியாக வேண்டும். அரிசி மணி அளவு மின்தடைக்கு இது பெரிய அடி, மிகச் சில நூறு மில்லி வினாடிதான் என்பதால் பிழைத்துக்கொள்கிறது. 2021இல் வந்த 3.1 பதிப்பு 48 வோல்ட், 240 வாட் வரை போகிறது. மின்தேக்கியில் உள்ள ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கப்படி ஏறுவது. 20இலிருந்து 48க்குப் போனால் வடிகாலில் விழும் சுமை ஏறத்தாழ ஆறு மடங்கு.

வெப்பத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மின்னிறக்க மாஸ்ஃபெட்டைத் திறந்து வைக்க யார் மின்சாரம் கொடுப்பது? எனேபிள் பின்னை (சில்லை ஓடவும் நிற்கவும் சொல்லும் காலை) இழுத்து அணைத்தால் சில்லுக்கு உள்ளீடு இன்னும் இருக்கிறது, வேலையை ஒழுங்காக முடிக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினால் சில்லே பட்டினி. காவல்காரன் முதலில் மயங்கி விழுந்தால் கதவை யார் திறந்து வைப்பது? தரவுத்தாளின் அழகான மின்னிறக்க வளைவு பெரும்பாலும் முதல் வகை அணைப்பில் எடுத்தது. வீட்டிலும் தொழிற்சாலையிலும் நடப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. இதற்குத் தீர்வு, டயோடு வழியே ஒரு சின்ன மின்தேக்கியில் கொஞ்சம் மின்சாரத்தை மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட்டுக்கென்றே ஒதுக்கிவைப்பது. பெரிய கருவிகளில் மின்சாரம் போனால் தானாக வடிகாலை இணைத்துவிடும் ரிலேவைப் போடுவார்கள். பழைய வழிதான், ஆனால் அதை நம்பலாம்.

வேறொரு வழியும் உண்டு. அணைக்கும்போது கன்வெர்ட்டரை உடனே ஒதுங்கவிடாமல், இலக்கு மின்னழுத்தத்தை மெல்ல இறக்கி வெளியீட்டையும் கூடவே இழுத்து வருவது. இப்படி இறங்கும்போது கீழ் மாஸ்ஃபெட் வெளியீட்டிலிருந்து மின்னோட்டத்தைத் திருப்பி இழுக்கிறது. அப்போது பக் கன்வெர்ட்டர் தலைகீழாக, ஏற்றும் கன்வெர்ட்டராக வேலை செய்து அந்த ஆற்றலை உள்ளீட்டுப் பக்கம் தள்ளிவிடும். உள்ளீட்டில் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் 12 வோல்ட் லைன் மேலே ஏறும். இதே கோளாறு தொடங்கும்போதும் வரும். வெளியீட்டில் ஏற்கெனவே இரண்டு வோல்ட் மிச்சமிருக்க, கன்வெர்ட்டர் பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பினால், அந்த இரண்டு வோல்ட்டை முதலில் கீழே இழுத்துப்போடப் பார்க்கும். நல்ல சில்லுகள் வெளியீட்டை எட்டிப்பார்த்துவிட்டு, தன் இலக்கு அந்த மிச்சத்தைத் தாண்டும்வரை கீழ் மாஸ்ஃபெட்டைத் தொடாமல் காத்திருக்கும்.

பல மின்னழுத்தங்கள் இருக்கும் போர்டில் வடிகால் இன்னொரு வேலையும் செய்கிறது. எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்) போன்ற சில்லுகளுக்கு உள்மையம், துணை, உள்ளீடு-வெளியீடு என்று மூன்று நான்கு லைன்கள். ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது அதன் தலைகீழ் வரிசை என்று தயாரிப்பாளர் சொல்வார். ஏற்றத்தை எனேபிள் பின்களால் ஒழுங்குபடுத்திவிடலாம். இறக்கத்தில் ஒவ்வொரு லைனும் தன் சுமைக்கு ஏற்றபடி தன்பாட்டுக்கு வடியும். ஒரு சில் செத்த பிறகும் பக்கத்துச் சில்லின் 3.3 வோல்ட் உயிரோடிருந்தால், சமிக்ஞைக் கம்பி வழியாகவும் காப்பு டயோடு வழியாகவும் செத்த சில்லின் லைனுக்குள் மின்னோட்டம் கசியும். இணைப்பே இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டு வயரில் விளக்கு எரிவதுபோல. மோசமான வேளையில் சில் உள்ளுக்குள் பூட்டிக்கொண்டு சூடேறிப் போய்விடும்.

இதுவரை சொன்னது போர்டு கெடுவது பற்றி. மின்சாரம் வரும் பக்கத்தில் ஆளே கெடலாம். மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 2008 முதல் 230 வோல்ட் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதை நேர்மின்னாக (டிசி) மாற்றினால் உச்சம் 325 வோல்ட். பவர் சப்ளைக்குள் இருக்கும் 470 மைக்ரோஃபாரட் பெரிய மின்தேக்கி அந்த மின்னழுத்தத்தில் 25 ஜூல் வைத்திருக்கும். ஒரு கிலோ சீனிப் பொட்டலம் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல். அது உங்கள் ஒரு விரலிலிருந்து மறு விரலுக்கு நொடிப்பொழுதில் போகிறது என்று எண்ணிப்பாருங்கள். இதற்குக் குறுக்கே எப்போதும் இணைந்திருக்கும் மின்தடையை 'பிளீடர்' என்பார்கள். 100 கிலோ ஓம் போட்டால் 325 வோல்ட் 60 வோல்ட்டுக்கு இறங்க 80 வினாடி ஆகும். விலை, கருவி ஓடும் நேரமெல்லாம் 1 வாட்டுக்கு மேல் வீண். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பல வீட்டுக் கருவிகளின் காத்திருப்பு மின்செலவை 0.5 வாட்டுக்குள் அடக்கச் சொன்ன பிறகு, எப்போதும் கசியும் பிளீடரைப் பொறுத்துக்கொள்வார் இல்லை.

பிளக்கின் உலோகக் கால்களுக்கிடையே இருக்கும் சிறு எக்ஸ் மின்தேக்கிக்கும் இதே கதை. பிளக்கைப் பிடுங்கியதும் கால்களில் விரல் பட்டால் சுளீர் என்று அடிப்பது அதனால்தான். பழைய ஐஇசி 60950-1 தரநிலை, செருகி எடுக்கும் கருவிகளில் இந்த மின்னழுத்தம் ஒரு வினாடியில் 37 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும் என்றது. 0.47 மைக்ரோஃபாரட்டுக்கு 1 மெகா ஓம் போட்டால் போதும், செலவு 53 மில்லி வாட். அந்தச் சொற்பத்தையும் மிச்சம்பிடிக்க, மின்சாரம் ஓடும்போது மின்தடையைத் துண்டித்து வைத்து, நின்றதும் இணைக்கும் சில்லுகள் வந்தன. பவர் இன்டெகிரேஷன்ஸ் நிறுவனம் 2010இல் கொண்டுவந்த கேப்சீரோ அந்த வகை.

அடுக்குமாடி லிஃப்டுகளையும் தண்ணீர்ப் பம்புகளையும் ஓட்டும் மோட்டார் டிரைவ்களில் மும்முனை 400 வோல்ட், உள்ளே 566 வோல்ட் நேர்மின்னழுத்தமாக நிற்கும். மூடியில் 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் காத்திருங்கள் என்று ஒட்டியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அந்த எண் பிளீடர் நல்லபடியாக இருக்கும் நிலைக்கு உரியது. பிளீடர் அறுந்திருந்தால் நிமிடக் கணக்கு செல்லாது. ஆகவே முதலில் மீட்டர், பிறகுதான் விரல். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க வடிப்பதைச் சில அண்ணன்மார் வீரமாக நினைக்கிறார்கள். அது மின்தேக்கியின் காலையும் எரிக்கும், கண்ணையும் பழுதாக்கும். அப்படி வடித்த பிறகும் கொஞ்ச நேரத்தில் மின்னழுத்தம் மெல்லத் திரும்ப ஏறுவது பலருக்குத் தெரியாது. மின்கடவாப் பொருளுக்குள் ஊறிப்போன மின்னேற்றம் மறுபடி கசிந்து வெளியே வருகிறது. பெரிய மின்தேக்கிகளைக் கால்களுக்கிடையே கம்பி கட்டிப் பெட்டியில் வைப்பது இதற்காகவே.

மின்கார்களில் பாதுகாப்பான எல்லையாக நேர்மின்னில் 60 வோல்ட்டை வைத்திருக்கிறார்கள். மோதல் நடந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் மின்தேக்கியை அதற்குக் கீழே இறக்க வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. மோட்டாரின் சுருளுக்குள்ளேயே, சுழற்றும் விசை உண்டாகாத திசையில் மின்னோட்டத்தை விட்டு, செம்புக் கம்பியைச் சூடாக்கியே ஆற்றலைத் தீர்த்துவிடுவது. சக்கரம் அசையாது, தனி மின்தடையும் தேவையில்லை.

எங்கும் வடிகால் வெட்டிவிடலாமா என்றால், கூடாது. ஒரே லைனை இரண்டு பவர் சப்ளைகள் சேர்ந்து தாங்கினால், ஒன்று ஓய்வெடுக்கும்போது அதன் மின்னிறக்கம் மற்றதன் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். வெளியீட்டில் பேட்டரி இருந்தால் இரவெல்லாம் குடித்து, காலையில் பேட்டரி காலி. இதற்காகவே ஒரே சில்லை மின்னிறக்கம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையாக விற்கிறார்கள். பெயரில் வித்தியாசம் பெரும்பாலும் ஓர் எழுத்துதான்.

அந்த ஓர் எழுத்து எங்களை இன்னொரு முறை பிடித்தது. அடுத்த தலைமுறை போர்டில் தனி மின்தடையையும் மாஸ்ஃபெட்டையும் எடுத்துவிட்டு, மின்னிறக்கம் உள்ளே அமைந்த ரெகுலேட்டரைப் போட்டிருந்தோம். 2021இல் சில்லுத் தட்டுப்பாடு. கொள்முதல் பிரிவில் ஒருவர் எங்கெங்கோ தேடி அதே அளவு, அதே பின்கள், அதே மின்னழுத்தம் உள்ள சில்லைப் பிடித்துவந்தார். எல்லாரும் அவரைப் பாராட்டினோம், மாற்றுப் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். முதல் தொகுதி சோதனை மேசைக்குப் போன அன்று மாலை, லைன் லீடர் அக்கா கையில் நான்கு போர்டுகளோடு என் மேசைக்கு வந்தார். "தம்பி, பழைய சீக்கு திரும்ப வந்துருச்சு போல." ஆஸில்லோஸ்கோப்பை எடுத்தேன். 3.3 வோல்ட் லைன் ஒன்றரை வோல்ட்டுக்கு மேலே படுத்துக்கிடந்தது. போர்டின் பின்புறத்தில் 100 ஓம் மின்தடையையும் மாஸ்ஃபெட்டையும் கையால் சால்டர் வைத்து, ஆயிரத்துச் சொச்சம் போர்டுகளையும் அப்படியே அனுப்பினோம்.